கல்லுக்குக் காரணம் கழுத்தில் இருந்தது

முதல் முறை சிறுநீரகக் கல் வந்தபோது வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். இரண்டாவது முறை தக்காளியையும் கீரையையும் ஒதுக்கினேன். கை கால் வலிக்கும் அசதிக்கும் "வயசாகுதுல்ல" என்றார்கள். எனக்கு அப்போது 49.

மூன்றாவது கல்லின்போதுதான் ஒரு மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளில் கால்சியம் வரியைத் தேடிப் படித்தார். 11.6. பொதுவாக 10.5-ஐத் தாண்டக் கூடாது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி சுரந்து, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனும் 190 இருந்தது. 65-க்குள் இருக்க வேண்டியது. வழக்கமாகக் கால்சியம் ஏறினால் இந்த ஹார்மோன் இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்ததால், சுரப்பி கட்டுப்பாடில்லாமல் வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருக்கிறது, அதுதான் கல்லாகிறது என்றார். வீட்டுக்கு வந்து பழைய தாள்களைப் புரட்டினேன். முதல் கல்லின்போதே 11.1 என்று அச்சாகியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலும் ஒன்றுதான் வீங்கியிருக்குமாம். எது என்று முன்கூட்டியே தெரிந்தால், ஆபரேஷனில் அதை எடுக்கச் சின்னக் கீறல் போதும். கழுத்து அல்ட்ராசவுண்டும், ஊசியில் கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் செஸ்டமிபி ஸ்கேனும் இடது கீழ்ப்பக்கத்தையே காட்டின.

என் பயம் வேறு. குரல் நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. நான் பள்ளி ஆசிரியை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இரவு தூக்கமே இல்லை.

மயக்கம் கொடுத்து, 3 சென்டிமீட்டர் கீறல். சுரப்பியை எடுத்ததும் தைத்துவிடவில்லை. இந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், 10 நிமிடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் கீழே இறங்கினால்தான் சரியான சுரப்பியை எடுத்ததாக நம்பலாம். 38 வந்தது. அப்புறம்தான் தையல். எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு என் கணவரிடம் காட்டியிருக்கிறார்கள். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது என்றார்.

கண் விழித்ததும் "தண்ணி" என்றேன். குரல் கரகரத்தது, ஆனால் வந்தது. அழுதுவிட்டேன்.

மறுநாளே வீடு. மூன்றாம் நாள் உதடும் விரல் நுனியும் மரத்துச் சுருசுருவென்றன. கால்சியம் இழந்து பசித்த எலும்பு அதை ரத்தத்திலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும்போது இப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. போன் செய்தேன், கால்சியம் மாத்திரையைக் கூட்டினார்கள், அடங்கியது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்த கால்சியம் 9.4. எலும்பு அடர்த்தி ஸ்கேன் அடுத்த வருடம் எடுக்க வேண்டும்.