அமுங்கிப் போன கேக்கும் ஒரு டப்பா ரஸ்க்கும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலையில் அத்தை வருகிறார் என்பதற்காகக் காலையிலேயே வெண்ணெய் கேக் செய்யத் தொடங்கினேன். 150 கிராம் மைதா, அதே எடை வெண்ணெய், அதே எடை பொடித்த சர்க்கரை, 3 முட்டை, 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்பது எனக்குப் பல ஆண்டுகளாகக் கைவந்த அளவு. 7 அங்குல வட்டப் பாத்திரத்தில் ஊற்றி, 170 டிகிரியில் 45 நிமிடம் வைத்தால், நடுவில் மெல்லிய வெடிப்போடு அழகாகக் குவிந்து எழும். எட்டரை மணியைத் தாண்டி மாவை ஓவனுக்குள் வைத்தேன். சரியாக ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது முதல் இரண்டு மணி வரை மின்தடை என்ற அறிவிப்பு முந்தைய நாள் நாளிதழிலேயே வந்திருந்தது. அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியது என் தவறுதான்.

ஓவனின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தக் கேக் இறங்கியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்கள் அப்படியே நிற்க, நடுப்பகுதி மட்டும் குளம் வற்றுவதைப் போல மெல்ல மெல்லத் தாழ்ந்தது. மாவுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் சூட்டில் விரிந்துதான் கேக்கைத் தூக்கி நிறுத்துகின்றன. முட்டையின் புரதமும் மைதாவின் மாவுச்சத்தும் வெந்து இறுகிய பிறகே அந்த உயரம் நிலைக்கிறது. ஓரம் முதலில் இறுகிவிடும், நடுப்பகுதி கடைசியில்தான் இறுகும். அதற்கு முன்பே சூடு குறைந்தால், குமிழிகள் சுருங்கி, தாங்குவதற்கு ஏதும் இல்லாத நடுப்பகுதி அமுங்கிவிடுகிறது. பேக்கிங் பவுடரும் பெரும்பாலும் தன் வேலையை முடித்திருக்கும் என்பதால், பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் கேக் பழைய உயரத்துக்கு வராது.

ஆனாலும் முட்டை சேர்த்த மாவை அரைவேக்காடாக மதியம் வரை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. பெரிய குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடேற்றினேன். பிறகு கேக் பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சிறுதீயில் அரைமணி நேரம் வேகவைத்தேன். வீட்டில் ஓவன் வருவதற்கு முன்பு அம்மா எங்கள் பிறந்தநாள் கேக்குகளையெல்லாம் இப்படித்தான் செய்தார். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வெளியே வந்தது.

ஆறிய பின் வெட்டிப் பார்த்தேன். வெந்திருந்தது, ஆனால் பள்ளத்துக்குக் கீழே ஒரு விரல் பருமனுக்குக் களி போன்ற மஞ்சள் பட்டை ஓடியது, பல்லில் ஒட்டியது. பள்ளத்தில் கிரீமை நிரப்பி மூடிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டியதும் அந்தக் களி வெளிப்பட்டுவிடும், நம் ஊர் வெயிலில் கிரீமும் நிற்காது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், இதில் இருக்கும் குறை ஒன்றே ஒன்று, அதாவது வெளியேறியிருக்க வேண்டிய ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தது. ஈரத்தை வெளியேற்றுவதையே வேலையாகக் கொண்ட பண்டம் ரஸ்க் அல்லவா? பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீன் வேரில் ‘இருமுறை வெந்தது’ என்றுதான் பொருள்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. அதுவரை கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக்கியிருந்ததால், பற்கள் உள்ள ரொட்டிக் கத்தியால் உதிராமல் அரை அங்குலத் துண்டுகளாக அறுக்க முடிந்தது. களிப் பட்டை ஓடிய நடுத் துண்டுகளை மட்டும் இன்னும் மெல்லியதாக அறுத்தேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி, நசுக்கிய ஏலக்காயைக் கலந்த சர்க்கரையை லேசாகத் தூவி, 150 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். திருப்பிப் போட்டு மேலும் 15 நிமிடம். வெண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த கேக் என்பதால் சூட்டைக் கூட்டினால் உள்ளே காய்வதற்கு முன்பே வெளியே கருகிவிடும். இங்கே அவசரப்படவே கூடாது. வெளியே எடுத்தபோது துண்டுகள் மெத்தென்றுதான் இருந்தன. அது கண்டு கலங்க வேண்டியதில்லை, ரஸ்க் மொறுமொறுப்பாவது ஆறும்போதுதான். ஓவனை அணைத்து, கதவைச் சற்றே திறந்துவைத்து, உள்ளேயே ஆறவிட்டேன்.

அரைமணி கழித்து நடுத் துண்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். களியாக இருந்த அந்தப் பட்டை, கருப்பட்டிப் பாகு இறுகியதைப் போலப் பழுப்பு நிறத்தில் மினுமினுத்தது. கடித்தால், சுற்றிலும் இருந்த பகுதி வாயில் மணல் போல உதிர, பட்டை மட்டும் கடக்கென்று உடைந்து, வெண்ணெய் மணத்தோடு மெல்லக் கரைந்தது. காற்று இல்லாமல் நெருங்கிக் கிடந்ததால்தான் அது அப்படி இறுகியிருக்கிறது.

அத்தை காபியில் தோய்த்து மூன்று துண்டுகள் சாப்பிட்டார். மீதியை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன், மறுநாள் தொலைபேசியில், “அந்த நடுவிலே கோடு போட்ட ரஸ்க்கை எப்படிச் செய்தாய், கண்ணு?” என்று கேட்டார்.

அடுத்த வாரம் அதே அளவில் குறையில்லாத கேக் ஒன்றைச் செய்து ரஸ்க்காக்கினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கோடு இல்லை. எனவே மூன்றாம் முறை, 25 நிமிடம் ஆனதும் நானே ஓவனை அணைத்து, கதவைத் திறந்து, கேக் அமுங்கும் வரை காத்திருந்து, பிறகு மீண்டும் மூடி முழுமையாக வேகவைத்தேன். அந்த டப்பா நாளைக் காலை அத்தை வீட்டுக்குப் போகிறது.