அந்தப் பூட்டின கேட்டுக்குள்ள இருக்கிற இடம் யாருது?

பந்து உள்ள போயிடுச்சுன்னு நாலஞ்சு பசங்க கேட் முன்னாடி நின்னுட்டு இருந்தாங்க. துருப்பிடிச்ச பூட்டு, உள்ள முழங்கால் உயரத்துக்கு புல்லு, பக்கத்துல ஒரு சின்ன போர்டு, பெயின்ட் பாதி உரிஞ்சு போயி 'திறந்தவெளி ஒதுக்கீடு'ன்னு மட்டும் தெரியுது.

அது பொது இடம்ங்க. சென்னையில 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை போட்டா, ரோடு போக மீதில 10 சதவீதத்தை பார்க்குக்கும் விளையாடுறதுக்கும்னு உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுத்தே ஆகணும், 2019 கட்டட விதில தெளிவா இருக்கு.

3,000-க்கு மேல 10,000 வரைக்கும்னா நிலத்துக்கு பதிலா பணமா கட்டிடலாம். எனக்கு மனசு ஆறாதது இதுதான். பணம் கட்டியாச்சு சரி, ஆனா அந்தத் தெருவுல குழந்தைங்க ஓடுறதுக்கு நிலம் எங்கேர்ந்து வரும்?

சென்னையில எந்த நிலத்தை எதுக்குப் பயன்படுத்தணும்னு சொல்றதுதான் மாஸ்டர் பிளான். 2008-ல வந்த ரெண்டாவது பிளான் 2026 வரைக்கும்தான். மூணாவது பிளான்லயாவது இந்த மாதிரி இடம் ஒவ்வொண்ணையும் வார்டு வாரியா மேப்ல போட்டு எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கணும்.

உங்க ஏரியாவுல இப்படி பூட்டியே கிடக்குற இடம் இருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க, சேர்த்து ஒரு மனுவா குடுப்போம்.