கேள்வி எதுவரை கேட்கிறது? எச்.எஸ்.சி. (மொரிஷியஸின் பள்ளி இறுதித் தேர்வு) அறிவியல் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு

லெ மோர்ன் மலையை ஒட்டிய கடலுக்கடியில் அருவி கொட்டுவதுபோல் வானிலிருந்து எடுத்த படத்தை மொரிஷியஸில் பார்க்காதவர் குறைவு. (நேரில் பார்க்க ஹெலிகாப்டர் ஏற வேண்டும், எனக்கும் படம்தான்.) அங்கே அருவி எதுவும் இல்லை. மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிந்து கிடப்பதை விளக்குவது நிலவியல். தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் ஆழத்தில் நீலம் இருள்வது இயற்பியல். விழித்திரையின் கூம்பு செல்கள் அந்த ஒளியை நரம்புக்குள் அனுப்புவது உயிரியல். அசையாத மணல் நமக்கு ஏன் விழும் தண்ணீராகத் தெரிகிறது என்பது உளவியலின் பாடு.

இயற்பியலையும் உயிரியலையும் சேர்த்து எடுத்த எனக்கு இந்தப் பிரிவினைதான் கைகொடுத்தது. விடை எழுதுமுன் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன்: கேள்வி மூலத்தைப் பற்றியா, வரும் வழியைப் பற்றியா, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைப் பற்றியா, மூளையைப் பற்றியா?

ஒலி தரும் பொருள் நகரும்போது நமக்குக் கேட்கும் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 400 ஹெர்ட்ஸ் ஹார்னை அடித்தபடி ஒரு கார் நேராக உங்களை நோக்கி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்றால் காதுக்கு எட்டுவது 425 ஹெர்ட்ஸ். தாண்டிப் போனதும் ஏறத்தாழ 378. "கிட்டே வர வர அதிர்வெண் கூடிக்கொண்டே போகும்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கூடுவது செறிவு, அதாவது சத்தத்தின் பலம். வேகம் மாறாதவரை 425 அப்படியே நிற்கும். சத்தம் பெரிதாவதைக் கேட்டுக் கேட்டு, சுருதியும் ஏறுவதாக நம் மனம் எடுத்துக்கொள்கிறது. இயற்பியல் தாளில் உங்கள் மனம் எடுத்துக்கொண்டதற்கு மதிப்பெண் கிடையாது.

உயிரியலில் சுவை மொட்டு கட்டாயம் படிக்க வேண்டியது. உப்பின் சோடியம் அயனிகள் ஏற்பி செல்லுக்குள் நுழைகின்றன, சவ்வு டிபோலரைஸ் ஆகிறது (அதன் இருபுறமும் உள்ள மின் வேறுபாடு குறைகிறது), கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, நரம்புக் கடத்தி வெளியேறுகிறது, உணர்வு நரம்பில் மின் துடிப்பான ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் எழுகிறது. அதோடு பேனாவை எடுத்துவிடுங்கள். உப்புக் கரிப்பதை வர்ணிக்கும் வரிகளால் நேரம்தான் போகும். இந்த வரிசையைப் பார்க்காமல் எழுதிப் பழகி, பழைய வினாத்தாளின் மதிப்பெண் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். நோட்டை நாலு முறை வாசிப்பதைவிட இது மேல்.

எல்லாத் துறைகளையும் கலந்து எழுத ஜெனரல் பேப்பர் என்ற கட்டுரைத் தாள் இருக்கிறது. அதற்கு நம் காவடியே நல்ல உதாரணம். இங்கே நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கூட்டுப் பிரார்த்தனைக்கு மட்டும் வந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்களும் உடன் இருந்து பார்த்தவர்களும் அதிகம் தானம் கொடுத்தார்கள். கூடுதல் வலியை உணர்ந்ததாகச் சொன்னவர்கள் கூடுதலாகவே கொடுத்தார்கள். அலகு குத்துவதை வலி ஏற்பியிலிருந்து தொடங்கி இந்தத் தானம்வரை கொண்டுபோனால், உங்கள் கட்டுரை நூறு பேர் எழுதும் கட்டுரையாக இருக்காது.