‘பிகாட்டன்’ ஏன் சப்பென்று போகிறது

ஈ. எலியாஸ் மெரிஜ் இயக்கிய ‘பிகாட்டன்’ (1989) படத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சுமார் 72 நிமிடம், ஒரு வசனம் கிடையாது. முகமூடி போட்ட கடவுள் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாகிறார். பிணத்திலிருந்து பூமித்தாய் எழுகிறாள். அவள் பெற்ற மகனை முக்காடு போட்ட கூட்டமொன்று கயிறு கட்டி இழுத்துப் போகிறது. இவர்களெல்லாம் யார் என்பது கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்தான் தெரியும். அதை முதலிலேயே படித்துவிட்டு உட்காருங்கள், சுவாரசியம் ஒன்றும் கெட்டுவிடாது.

ஏமாற்றத்தில் பாதி, பார்க்கிற பிரதியால் வருவது. கறுப்பு வெள்ளை 16 மி.மீ. ரிவர்சல் ஃபிலிமில் (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே விழும் ஃபிலிம்) எடுத்ததை, ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்குப் படம்பிடிக்கும் கருவியான ஆப்டிகல் பிரின்டரில் ஃபிரேம் ஃபிரேமாக மறுபடி படம்பிடித்திருக்கிறார்கள். ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 ஃபிரேம். அதற்கு 10 மணி நேரம் வரை பிடித்ததாம். சாம்பல் நிறம் ஏறக்குறைய போய்ச் சுண்ணாம்பும் கரியும்தான் மிச்சம். உருவங்களைத் தாங்கி நிற்பதே கிரெயின் என்கிற புள்ளிக்கூட்டம்.

இணையத்துக்காகச் சுருக்கும்போது முதலில் அடிபடுவதும் அதுதான். சுருக்கும் மென்பொருள், முந்தைய ஃபிரேமில் இருந்ததையே அடுத்ததிலும் எடுத்துப்போட்டு இடத்தை மிச்சம் பிடிக்கிறது. கிரெயினோ ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு இடத்தில் விழும். பிட்ரேட், அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு, போதாவிட்டால் அதை அழுக்கு மாதிரி துடைத்துவிட்டு, கட்டம் கட்டமாக நிரப்பிவிடும். கை எது, மண் எது, கயிறு எது என்று பிடிபடாமல் போவது இதனால்தான். டிவியில் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முன்னதும் கிரெயினைத்தான் தின்னும். ஹெட்ஃபோன் அவசியம். பூச்சிகளின் ரீங்காரத்தையும் முனகலையும் விட்டால் காதுக்குப் பிடிமானம் அதிகமில்லை.

நல்ல பிரதியாலும் தீராத குறை நடுப்பகுதி. இழுக்கிறார்கள், அடிக்கிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள். பலியிலிருந்து படைப்பு என்பது பழைய கதைதான். ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில் பலியான புருஷனின் மனத்திலிருந்து நிலவும் கண்ணிலிருந்து சூரியனும் பிறக்கின்றன. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே அந்தக் கணக்கு இல்லை. கூட்டம் கொல்வது பயத்தினாலா, பசியினாலா, பக்தியினாலா? ஒரு சாடைகூடக் கிடைக்காது. பூமித்தாய் மீதான பாலியல் வன்முறைக் காட்சியும் அப்படியே, நீளம் மட்டும் குறைவில்லை. புதைத்த இடத்தில் பூ முளைக்கும் கடைசிக் காட்சிகள் அழகு. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.