பாறசாலைப் பக்கத்து வாசகசாலை

கேரளத்துப் பாறசாலைப் பக்கம் உள்ள ஒரு வாசகசாலைக்குப் போக, களியக்காவிளைப் பேருந்து நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கு 200 ரூபாய் வாங்கினார் ஆட்டோ ஓட்டுநர். 500 ரூபாய்க்குள் அன்றைய பொழுதை முடிக்கக் கிளம்பியிருந்த எனக்கு அது பெரிய அடி. எல்லை தாண்டுவதைக் காரணம் காட்டி இப்படிப் பறிப்பது அநியாயம்.

அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், வாசகசாலையை மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்களாம். எதிர்க்கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் 90 ரூபாய்க்குக் கிடைத்தன. குடம்புளி இறங்கிய அந்தக் குழம்புக்காகவே இன்னொரு முறை போகலாம்.

இரண்டே அறைகள், ஓட்டுக்கூரை. நிலம் கொடுத்தவரின் பெயர் வாசற்கல்லில் மலையாளத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. திறக்க வந்த பெரியவர் அந்தக் கல்லைத் தடவியபடி, "நிலம் அவரு தந்தாரு மக்களே. அஸ்திவாரக் கல்லு எங்க அப்பன் தலைச்சுமடா கொண்டு வந்தது" என்றார். பழைய இரவல் பதிவேட்டைப் புரட்டினேன். மலையாளக் கையெழுத்துகளுக்கு நடுவே, ஊதா மையில், தமிழ்க் கையெழுத்துகளும் வரிசையாக இருந்தன.

அதில் வியப்பில்லை. 1945இல் கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கத்தைத் தொடங்கியபோது, எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடும் கல்குளமும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன.

கொடையாளி கட்டித் தந்த நூலகம் என்றாலே அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி நினைவுக்கு வருவார். உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் தந்த அவர், நிலத்தை ஊர் தர வேண்டும், கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே நூலகத்தை நடத்தும் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். இங்கே நிலம்தான் கொடை, கட்டடம் ஊரின் உழைப்பு. ஆனால் கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் செலவுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கேரளத்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் நூலக வரியிலிருந்து இத்தகைய வாசகசாலைகளுக்கு மானியம் வருகிறது, நிர்வாகமோ உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழுவிடமே இருக்கிறது. நம் பக்கத்தில் 1948ஆம் ஆண்டிலேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது, நாமும் வரி கட்டுகிறோம். ஆனால் கிளை நூலகத்தில் எந்தப் புத்தகம் வாங்குவது என்று ஊராரை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு ஆறாத குறை.

தமிழ் அலமாரியில் புதிய நூல்கள் குறைவு. திரும்பும்போது ஆட்டோவைத் தேடாமல் நடந்தேன்; மிச்சமான பணத்தோடு கொஞ்சம் சேர்த்து இரண்டு நாவல்கள் வாங்கி அனுப்புவதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன்.