அப்பப்பாவின் படை இலக்கம்

எங்கள் அப்பப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கைக் காவல் பீரங்கிப் படையில் இருந்தவர். முழுநேர இராணுவம் அல்ல, தொண்டர் படை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவருடைய ட்ரங்குப் பெட்டி வீட்டோடு போனது. அப்பம்மாவின் சீலை முடிச்சில் வந்த பதக்கம் ஒன்றுதான் மிச்சம். பின்பக்கத்தில் சிங்கம் ஒன்று இரட்டைத்தலை டிராகனை மிதித்து நிற்கும். பெயர் இல்லை. அந்தப் போரின் பதக்கங்களில், பெற்றவரின் பெயரை பிரிட்டன் பொறிக்கவில்லை.

போன வருடம் அவருடைய சேவைப் பதிவைத் தேடினேன். விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், மரண அத்தாட்சிப் பத்திரம், அப்பாவினதும் என்னுடையதும் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் ஒரு கிழமையில் கைக்கு வந்தன. மாட்டிக்கொண்டது கொழும்பில், பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தில்.

சின்னத்தம்பி கந்தையா. இதில் எது குடும்பப் பெயர் என்று அன்றைய வெள்ளைக்காரக் கிளாக்கருக்கு எப்படித் தெரியும்? சின்னத்தம்பியை எஸ்ஸிலும் தேடலாம், சீயிலும் தேடலாம். கந்தையாவைக் கேயில் தேடிப் பார்த்தோம், அங்கும் இல்லை. மூன்று தடவை இரவு பஸ் ஏறியதுதான் மிச்சம். வர்த்தமானியில் தேடச் சொன்னார்கள். அதில் அதிகாரிகளின் நியமனம் வரும், சாதாரணச் சிப்பாயின் பெயர் வராது.

"படை இலக்கம் இருந்தால் கொண்டு வாங்கோ" என்றார் அங்கிருந்த ஒருவர். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இலக்கம் சாமியறையில் இருந்தது. கண்ணாடி வெடித்த முருகன் படத்தை மாற்றக் கழற்றினால், பின்னால் சீருடையோடு அப்பப்பா. சீருடைப் படம் இருந்தால் யார் வந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டிய காலம், அப்பம்மா ஒளித்திருக்கிறார். இடம்பெயரும்போது சாமிப் படம் என்றுதான் தூக்கிக்கொண்டு போனோம். பின்புறத்தில் பென்சிலால் எழுதிய இலக்கம்.

அப்புறம் அரை மணித்தியாலம்தான். ஒரே ஒரு தாள். 1942 மே மாதம் இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவில் கலகம் செய்து, மூவர் தூக்கிலிடப்பட்ட பிரிவில் அவரும் இருந்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. தாளில் கொக்கோஸ் இல்லை, திருகோணமலை இருந்தது. ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலும் அங்கேதான்.

அடையாளம் என்ற இடத்தில் 'இடது முழங்காலில் தழும்பு' என்று இருந்தது. அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"அது பனையால விழுந்தது. சண்டையில பட்டது எண்டுதான் எங்களுக்குச் சொல்லுறவர்" என்றார்.