சளி போன பிறகு தொடங்கும் காது வலியும், விடாத இருமலும்

மழைக்காலச் சளிக் காய்ச்சல் நான்கைந்து நாள்களில் இறங்கிவிடுகிறது. அதன் பின்னால் வரும் காது வலியும் இருமலும்தான் பெற்றோரைப் படுத்துகின்றன. இதில் காதுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு, இருமலை நிறுத்த மருந்துக் கடைக்கு ஓடுவதே நம் வழக்கம். என்னைக் கேட்டால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது காது. பொறுத்துப் பார்க்க வேண்டியது இருமல்.

நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் அதிகச் சரிவின்றியும் இருப்பதால், சளியால் அது வீங்கி அடைபட்டதும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, கிருமிகள் பெருகத் தோதாகிவிடுகிறது. படுத்தால் வலி கூடும். என் மகள் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையணையில் தலை வைக்க மறுத்து, என் தோளிலேயே சாய்ந்து தூங்கினாள். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு மாமியார் வந்து, "ரெண்டு சொட்டு விட்டாப் போதும்மா" என்றார். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும் என்பதால் வேண்டாமென்று சொல்லி, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தேன். மறுநாள் மருத்துவர் கருவியால் பார்த்தபோது செவிப்பறை சிவந்து பிதுங்கியிருந்தது.

எல்லாக் காது வலிக்கும் ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வலியும் காய்ச்சலும் மிதமாக இருந்தால், வலி மருந்து கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் வரை கவனிக்கலாம் என்று மருத்துவரே சொல்வதுண்டு. கைக்குழந்தைகளுக்கும், சீழ் வடிந்தாலும், காதின் பின்புறம் வீங்கினாலும் அந்தக் காத்திருப்பு கூடாது. வலி தீர்ந்த பின்னும் நீர் சில வாரங்கள் தங்கி, காது மந்தமாகக் கேட்கக்கூடும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'அலட்சியம்' என்று திட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது. மூன்று மாதமாகியும் வற்றாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

இருமலின் கதை வேறு. கிருமி ஒழிந்த பின்னும் புண்பட்ட சுவாசப்பாதை ஆறும்வரை, குளிர்காற்று பட்டாலும் சிரித்தாலும் கூட இருமல் கிளம்பும். இது மூன்று வாரம் வரை இழுப்பது சாதாரணம். சிலருக்கு எட்டு வாரம் வரை நீள்வதும் உண்டு. இதற்கு சிரப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இம்மருந்துகளைத் தரவே கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக வேண்டாமென்றும் மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்குப் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டித் தேன் கொடுக்கலாம். அதற்குக் குறைந்த வயதில் தேனும் ஆபத்து.

பொறுமைக்கும் எல்லை உண்டு. இருமல் நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும். மூன்று வாரம் இழுப்பது சாதாரணம்தான் என்றாலும், இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்ப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். மூச்சிரைப்போ, மீண்டும் காய்ச்சலோ, இருமி முடிக்கையில் கூவுவது போன்ற ஒலியோடு வாந்தியோ வந்தால், இரண்டு வாரம் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.